மேரி எழுதி வைத்தது

தாத்தாவின் பிறப்புச் சான்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்த பழுப்புத் தாள். முழுக்கப் பிரெஞ்சு. "மேரியில எழுதுனது, பத்திரம்" என்பார் அத்தை. சிறுவயதில் மேரியை நான் ஒரு பெண்ணாகவே நினைத்திருந்தேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கன்னியாஸ்திரி, பெரிய பேரேட்டை விரித்துவைத்து, புதுச்சேரியில் பிறப்பவர்களையும் இறப்பவர்களையும் ஒருவர் விடாமல் எழுதிக்கொண்டிருப்பார்.

2014 நவம்பர் 29. நல்ல மழை. அத்தை போனில் அழைத்தார்: "மேரி இடிஞ்சு விழுந்துருச்சுடா." கடற்கரைச் சாலையில் வெள்ளையாக நின்ற அந்தக் கட்டடத்தின் முன்னால் எத்தனையோ மாலைகள் கடலை கொறித்திருக்கிறேன். அது ஏன் மேரி என்று ஒருநாளும் கேட்டதில்லை. விழுந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

பக்கத்தில் மீனவர் ஒருவரிடம் விசாரித்தேன். "மாதா பேருதான் தம்பி. கோயில் கிட்டயே இருக்கே." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1855இல் கட்டிய தூய தேவதைகளின் அன்னை ஆலயம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஊரில் அதற்குப் பெயர் கப்ஸ் கோயில். கப்புச்சின் துறவிகளின் கோயில், நம் வாயில் கப்ஸ் ஆகிவிட்டது. மேரியும் அப்படி மருவிய பிரெஞ்சுச் சொல்லோ என்று அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பிரெஞ்சு தெரிந்த ஒரு வாத்தியாரிடம் தாத்தாவின் தாளைக் காட்டினேன். சிரித்தார். 'மேர்' என்றால் நகரத் தலைவர். அவருடைய அலுவலகம் 'மெரி'. மாதாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஊருக்கு இது பழக்கம். நகரத் தலைவராகவும், 1963இல் யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராகவும் இருந்த எதுவார் கூபேரை நாம் குபேர் ஆக்கினோம். பெரிய மார்க்கெட் அவர் பெயரால் குபேர் அங்காடி. கடற்கரைச் சாலையும் அவர் பெயரில்தான். செல்வத்துக்கு அதிபதியின் பெயர் சந்தைக்குப் பொருத்தம்தானே என்று எவரும் மேலே கேட்பதில்லை.

பெயர் விளங்கியது. கட்டடம்? அது 1870–71இல் எழுந்தது. பிரெஞ்சிந்தியாவில் நகரசபைகளை அமைத்த ஆணை 1880இல் வந்தது. அப்புறம் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் நகரசபையின் பதிவேட்டில் ஏறின. தாத்தாவும் அப்படித்தான் ஏறினார்.

அதற்கும் முன்னால்? நூல் பிடித்துக்கொண்டு போனால் 1761 வருகிறது. அந்த ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கால் நூற்றாண்டு காலம் ஊர் நடப்பை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை கண் மூடியதும் அதே மாதத்தில்தான். பாரதி பூங்காப் பக்கம் இருந்த கோட்டை தரைமட்டமானது. ஊரும் சேர்ந்து இடிந்தது. 1765இல் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கையில் வந்தது ஒரு கல்மேடு. பழமை என்று இன்று நாம் படம் எடுக்கும் வெள்ளைத் தெருக்கள், அந்த இடிபாட்டின் மேல் திரும்ப எழுந்தவை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள்கூடச் செஞ்சியிலிருந்து வந்தவை. மணலும் அப்படித்தான். 1980களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் கடல் மணலை வாரிக்கொண்டு போனது. பாறைகளைக் கொட்டிக் கரையைக் காத்தார்கள். பின்னர் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மேரியைத் திரும்பக் கட்டியபோது எனக்குச் சங்கடம் இல்லை. உலக வங்கி உதவி, ஏறக்குறைய 15 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில் திறப்பு. அதே இடம், அதே தோற்றம். என் நண்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "செட்டு போட்ட மாதிரி இருக்கு, இது போலி" என்றான். "அப்படிப் பார்த்தால் 1765க்குப் பிறகு இந்த ஊரே போலிதான்" என்று வாயை அடைத்துவிட்டேன். வென்றுவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாலை அத்தையை அழைத்துப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் மேரி பளிச்சென்று நின்றது. முன்னால் இளசுகள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். தூண்களை எண்ணுவதுபோல் உதடு அசைந்தது. "அச்சா அப்படியே கட்டியிருக்கான்" என்றார்.

எனக்குச் சந்தோஷம். நண்பனுக்கு எதிராகச் சாட்சி கிடைத்துவிட்டது.

கிளம்பத் திரும்பியவர் நின்றார்.

"உள்ள யாராச்சும் உட்கார்ந்து எழுதுறாங்களாடா?"