றெசுமேயில் எழுதாத இரண்டு வருசம்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. வாசலில் குவிந்திருந்த ஸ்னோவை வழித்துக் களைத்துப்போய் வந்து தேத்தண்ணியோடு குந்தியிருக்கக் கதவு மணி அடித்தது. எங்களிலிருந்து நாலு வீடு தள்ளி பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கும் தங்கச்சியும் கணவரும். (பெயர்கள் வேண்டாம்.) அவவின் கையில் லப்ரொப்.

"அண்ணா, நூற்றிப்பத்து இடத்துக்குப் போட்டிட்டன். ஒருத்தரும் கூப்பிடேல்லை. ஒருக்கா இதைப் பார்ப்பியளோ?"

நான் வேலை ஆலோசகன் இல்லை. ஏஜக்ஸில் ஒரு களஞ்சியத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவன். ஆனால் கடந்த பத்து வருசமாக, எங்கள் பகுதிக்கு ஆள் எடுக்கும்போது வருகிற றெசுமேக்களை வாசிக்கிற வேலையும் என் தலையில்தான். ஒரு விளம்பரத்துக்கு நூறு, நூற்றைம்பது வரும். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட என்னால் செலவழிக்க முடிவதில்லை. மேசைக்கு இந்தப்பக்கம் இருந்து பல வருசம் மனம் நொந்தவன் அந்தப்பக்கம் போனபிறகு இப்படித்தான் வாசிக்கிறான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவவின் றெசுமே ஐந்து பக்கம். முதல் பக்கத்தில் படம், பிறந்த திகதி, சமயம், திருமணமானவர் என்ற விபரம், தேசிய அடையாள அட்டை இலக்கம். பிறகு ஓ லெவல், ஏ லெவல் பாடங்களும் பெறுபேறுகளும். வலைப்பந்தாட்ட அணித் தலைவி. கடைசியில், மேலே சொன்னவை எல்லாம் என் அறிவுக்கெட்டியவரை உண்மை என்று ஒரு உறுதிமொழி, கையொப்பத்துக்குப் புள்ளிக்கோடு. பார்த்ததும் சிரிப்பு வந்தது. அவவைப் பார்த்து இல்லை. நானும் இப்படித்தானே எழுதினேன். இது இலங்கையில் வர்த்தமானி பார்த்து அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கப் பழகிய எங்களின் சுயவிபரக் கோவை. அங்கே அது சரி. இங்கே ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்கிறவரிடம் சமயம், வயது, திருமணம் பற்றி விசாரிக்கவே கூடாது. கேட்கக்கூடாததை நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாசிக்கிறவனுக்கும் சங்கடம்.

இதெல்லாம் அழிக்க ஐந்து நிமிடம். என்னை நிறுத்தியது இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி. ஏ லெவலுக்கும் வவுனியாவில் செய்த வேலைக்கும் இடையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தா: "2008 - 2010: யுத்தத்தால் இடம்பெயர்வு, செட்டிகுளம் முகாம்."

அதைப் பார்த்தவுடன் எனக்கு 1998ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது.

நான் 1997இல் கனடா வந்தேன். வந்தவுடன் எழுதியது அகதிக் கோரிக்கைக்கான படிவம். (அந்தப் பழைய படிவம் 2012 டிசம்பரோடு மாறிவிட்டது.) எங்கே இருந்தாய், எப்போது ஓடினாய், யார் பிடித்தார்கள், என்ன செய்தார்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கப் பதினொரு பக்கம் எழுதினோம். ஒரு மாதம்கூட விடுபடக்கூடாது, திகதி பிசகினால் பொய்யன் என்பார்கள் என்று பயம். அந்தப் பயத்தோடேயே பிறகு றெசுமேயும் எழுதினேன். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடை முகாமையாளர். அதற்குக் கீழே "1995 ஒக்ரோபர் - 1996 ஏப்ரல்: இடம்பெயர்ந்திருந்தேன்." வேலையை விட்ட காரணம்: யுத்தம். அதை நாற்பது பிரதி எடுத்து ஸ்காபரோ முழுக்கக் கொடுத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன்.

1999இல் வேலை தேடுவோருக்கு உதவுகிற ஒரு நிலையத்துக்குப் போனேன். அங்கே ஜமேய்க்காவில் பிறந்த ஒரு அம்மா. என் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டா: "உனக்கு நடந்ததெல்லாம் இதில் இருக்கு. நீ செய்தது எங்கே?"

எனக்கு விளங்கவில்லை. அவ விடவில்லை. கடையில் என்ன செய்தாய்? சாமான் கொடுத்தேன். என்ன சாமான்? அரிசி, மா, சீனி, பருப்பு. யாருக்கு? நிவாரண அட்டைக்காரருக்கு. எத்தனை குடும்பம்? அறுநூற்றிச் சொச்சம். கொம்பியூட்டர் இருந்ததா? அம்மா, கரண்டே இல்லை! எல்லாம் கையால் எழுதின பேரேடு. கணக்குப் பிழைத்ததா? ஒரு மாதமும் பிழைக்கவில்லை, பிழைத்திருந்தால் சனம் என்னை உயிரோடு விட்டிருக்காது. அவ சிரித்துவிட்டு எழுதினா: 600க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு மாதாந்த உணவு விநியோகம், இருப்புக் கணக்கில் குறைவில்லை. அந்த ஒற்றை வரிதான் என்னைக் களஞ்சிய வேலைக்குள் கொண்டுபோனது. பொய் ஒன்றும் இல்லை. செய்ததுதான். ஆனால் செய்தேன் என்று சொல்லலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அகதிப் படிவம் உங்களுக்கு நடந்ததைக் கேட்கிறது. வேலை விண்ணப்பம் நீங்கள் செய்ததைக் கேட்கிறது. முதலாவதில் ஒன்றும் விடக்கூடாது, இரண்டாவதில் தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில்கூட வரலாற்றை இடைவெளி விடாமல் எழுதச் சொல்கிறார்கள். படிவங்களால் இந்த நாட்டுக்குள் வந்தவர்கள் நாங்கள். எல்லாத் தாளையும் அதிகாரி வாசிக்கிற தாளாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

தங்கச்சியிடம் அந்த அம்மா கேட்டதையே கேட்டேன். வவுனியாவில் ஒரு லீசிங் கொம்பனியில் பதினொரு வருசம். றெசுமேயில் இருந்தது: "கடன் பிரிவு உத்தியோகத்தர். மேலதிகாரி தரும் கடமைகளைச் செய்தல்." எத்தனை கடன் கோவை உங்கட கையில் இருந்தது? "முந்நூற்றி நாற்பது மட்டில." நிலுவை வசூலிச்சது ஆர்? "நான்தான்." கொழும்புக்கு மாத அறிக்கை? "அதுவும் நான்தான். சிங்களத்தில கதைக்கிறதும் நான்தான், மனேச்சருக்கு வராது." பிறகேன் பிள்ளை, மேலதிகாரி தரும் கடமைகள் எண்டு எழுதினனீங்கள்? "அண்ணா, நானே செய்தன் எண்டு எழுதினால் பெருமை அடிக்கிற மாதிரி எல்லோ..."

எங்கட ஆக்களின் பாதி வியாதி இதுதான்.

இரண்டு மணித்தியாலத்தில் ஐந்து பக்கம் இரண்டானது. கடைசியாகச் செய்த வேலை மேலே வந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லோடும் முடிந்தால் ஒரு எண்ணோடும் தொடங்கியது. பெட்டியும் படமும் அழகு வளைவும் எடுத்தோம். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பம் முதலில் மென்பொருளுக்குள்தான் விழுகிறது, அலங்காரம் கூடினால் எழுத்து குழம்பிவிடும். விளம்பரத்தில் அவர்கள் என்ன சொல் பாவிக்கிறார்களோ, உண்மையில் நாம் அதைச் செய்திருந்தால், அதே சொல்லை நாமும் பாவிக்க வேண்டும். ஒரே றெசுமேயை நூற்றிப்பத்து இடத்துக்கு அனுப்புவதிலும் பார்க்க, விளம்பரத்தை வாசித்து மேல்பகுதியை மாற்றிப் பன்னிரண்டு இடத்துக்கு அனுப்புவது நல்லது. எம்ப்ளோய்மென்ற் ஒன்ராறியோ நிலையங்களில் இதைச் சும்மா பார்த்துத் தருவார்கள். ஏஜென்சிக்கு இதற்கென்று ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

எல்லாம் எங்கள் எழுத்தின் பிழை என்று நான் சொல்லவில்லை. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் பிலிப் ஒரியோபோலஸ், ரொறொன்ரோப் பகுதி விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை றெசுமேக்களை அனுப்பிப் பார்த்தார். 2009இல் முடிவு வெளியானது. படிப்பும் அனுபவமும் கனடாவில்தான், பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயருக்கு 100க்கு 16 அழைப்பு, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயருக்கு 11. படிப்பும் அனுபவமும் வெளிநாடு என்றால் அந்தப் பெயர்களுக்கு 5. ஆனால் பிரித்தானியாவில் இருந்து வந்தவராக எழுதியபோது குறையவே இல்லை! அந்த 'வெளிநாடு' எந்த வெளிநாடு என்று உங்களுக்கு விளங்கும்.

கனேடிய அனுபவம் என்று கேட்பது பாகுபாடாகலாம் என ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் பகிரங்க விளம்பரத்தில் அதைக் கேட்கக்கூடாது என்பது சட்டம். இன்ரர்வியூ செய்தால் 45 நாளுக்குள் முடிவு எடுத்தார்களா என்றாவது சொல்ல வேண்டும். நல்லது. ஆனால் விளம்பரத்தில் எழுதாமல் மனதில் வைத்திருப்பதை எந்தச் சட்டம் பிடிக்கும்? அதற்காகச் சிலர் சொல்வதுபோல் தெரிந்தவரின் கடையில் வேலை செய்ததாகப் பொய் எழுதாதீர்கள். பின்னணி விசாரிப்பில் பிடிபட்டால் ஒரு வேலை மட்டும் போகாது.

பெயர்க்கதை வந்தபடியால் தங்கச்சி கேட்டா, "பெயரைச் சுருக்கவோ அண்ணா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பெயர் இந்த நாட்டுப் பெட்டிகளுக்குள் அடங்காது. என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள். முதலாவது இன்ரர்வியூ அழைப்பு வந்தபோது ரெலிபோனில் அப்பாவின் பெயரைத்தான் கேட்டார்கள். நான், அவர் செத்து ஆறு வருசம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு விளங்கித் திருப்பி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். 2001இல் பெயரைப் பாதியாக்கினேன், அழைப்புக் கூடியது. பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் என் மகள் முழுப்பெயரோடுதான் வேலை எடுத்தாள், அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இரண்டும் உண்மை. தங்கச்சி தன் பெயரை முழுதாகவே விட்டா.

மிஞ்சியது அந்தச் செட்டிகுளம் வரி.

"இது தேவையில்லை" என்றேன். "இங்க கடைசிப் பத்துப் பதினைஞ்சு வருசம்தான் பார்ப்பினம். உங்கட வேலை 2011இல தொடங்குது. அதுக்கு முந்தி ஒண்டும் எழுதத் தேவையில்லை."

அவ கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. "அப்ப அழிச்சுவிடவோ?" என்றா. அவவின் தம்பி அந்த இரண்டு வருசத்துக்குள்தான் இல்லாமல் போனவன் என்று பிறகு கணவர் சொன்னார். எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அவ கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. நான் என் 1995 வரியை எடுத்தபோது எனக்கும் அது வலித்தது. எடுத்துவிட்டால் யாரோ, அது நடக்கவே இல்லை என்று சொன்னமாதிரி.

"அழிக்க வேண்டாம். வெட்டி வேற ஒரு கோவையில ஒட்டி வையுங்கோ. அது இந்தக் கொம்பனிக்காரருக்குச் சொல்லுற கதை இல்லை."

புதுக் கோவை ஒன்று திறந்தா. அந்த ஒரு வரியை ஒட்டினா. என்ன பெயர் வைத்தா என்று நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டு விண்ணப்பத்துக்கு மூன்று அழைப்பு வந்தது. ஒன்று கிடைக்கவில்லை, ஒன்றுக்குப் பதில் வரவில்லை (45 நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்). மூன்றாவது வருகிற திங்கள், ஓஷவாவில், நிலுவை வசூலிக்கிற கணக்குப் பிரிவு. அந்த மற்றக் கோவை இப்போது எட்டுப் பக்கம் ஆகிவிட்டதாம். அதற்குப் பக்கக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். திங்கள் காலை பிக்கரிங் கோ ஸ்ரேஷனில் நான்தான் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஸ்னோ கொட்டாவிட்டால் சரி.