இஸ்கூலும் ஷெட்யூலும்

பினாங்குத் தீவிலுள்ள ஜெலுத்தோங், பால் வடியும் ஒரு மரத்தின் பெயரால் அமைந்த ஊர். அம்மரத்தை இன்றைய மலாய் எழுத்துமுறை 'ஜெலுத்துங்' என்கிறது. ஊர்ப்பெயரோ பழைய 'ஜெலுத்தோங்' ஆகவே நிலைத்திருக்கிறது. ஓர் உயிரொலி வேறுபட்டதற்காக எவரும் பிணங்குவதில்லை. ஆனால் அவ்வூர் வீடுகளிலே ஓர் ஆங்கிலச் சொல் போதும், இரவு உணவு கசந்துபோக.

அத்தகைய வீடு ஒன்றைக் காண்போம். தாத்தா தம் பேத்தியிடம் தேர்வு 'ஷெட்யூல்' வந்துவிட்டதா என்று கேட்கிறார். "ஸ்கெட்யூல் என்று சொல்லுங்கள், தாத்தா" எனத் திருத்துகிறாள் பேத்தி. தாத்தாவின் முகம் சிவக்கிறது. இடையில் அகப்பட்ட தந்தையோ, 'ஜடுவல்' என்னும் மலாய்ச் சொல்லைச் சொல்லி நழுவிக்கொள்கிறார். அப்போது பாட்டி, "இஸ்கூல் எத்தனை மணிக்கு?" என்கிறார். அதுவரை மோதிய தாத்தாவும் பேத்தியும் ஒருசேரச் சிரிக்கின்றனர். அன்று முதல், பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால் பாட்டி எடுப்பதேயில்லை.

இச்சினம் எங்கிருந்து பிறக்கிறது? 1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூல் தோன்றியது முதல், ஆங்கிலவழிக் கல்வி அத்தீவில் வேரூன்றியது. தாத்தா அவ்வழியில் பயின்றவர். 1970ஆம் ஆண்டு தொடங்கி, முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கொரு வகுப்பாக அப்பள்ளிகள் மலாய்வழிக்கு மாறின. தந்தை அம்மாற்றத்திற்குப் பின் படித்தவர். பேத்தியோ கைப்பேசித் திரையில் பேசும் அமெரிக்கரைக் கேட்டு வளர்கிறாள். ஒவ்வொருவர் உச்சரிப்பிலும் அவரவர் கற்ற காலம் ஒலிக்கிறது. ஒலியைப் பழிக்கும்போது, அக்காலத்தையும் உழைப்பையுமே பழித்ததாக நெஞ்சு கொள்கிறது. சினத்தின் வேர் இதுவே.

பூசலுக்குக் காரணமான சொல்லின் வரலாறோ வேடிக்கையானது. 1791இல் வாக்கர் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி அதனைச் 'செட்யூல்' என்றே காட்டியது. பின்னர் இங்கிலாந்தில் 'ஷெட்யூல்' நிலைபெற்றது. அமெரிக்காவில் வெப்ஸ்டரின் அகராதிச் செல்வாக்கால் 'ஸ்கெட்யூல்' வேரூன்றியது. தாத்தா சொல்வதும் பேத்தி சொல்வதும் ஒருகாலத்தில் பிழைகளே!

பாட்டியின் 'இஸ்கூல்' மட்டும் இழிந்ததா? மெய்யெழுத்துகள் இணைந்து சொல்லின் முதலில் வருவது தமிழுக்கு இயல்பன்று. ஆதலால் தமிழ்நா முன்னே ஓர் உயிரைத் துணையாக அழைத்துக்கொள்கிறது. போர்த்துக்கீசியர் அதே சொல்லை 'எஸ்கோலா' என்கின்றனர். ஸ்பானியர் 'எஸ்குவேலா' என்கின்றனர். போர்த்துக்கீசியச் சொல்லே மலாயில் 'செக்கோலா' ஆயிற்று. ஐரோப்பியர் செய்தால் மொழிமரபு, பாட்டி செய்தால் நகைப்பு என்பது என்ன நீதி? 'ராமன்' தமிழில் 'இராமன்' ஆனதும், 'லோகம்' 'உலோகம்' ஆனதும் இவ்வாறு உயிரொலியை முன்னே பெற்றதனால் அன்றோ? வந்த சொல்லைத் தமிழொலிக்கேற்ப ஏற்கும் நெறியைத் தொல்காப்பியர் வகுத்தார். இலக்கண மரபில் அது தற்பவம் எனப்படும்.

அப்படியாயின் எவ்வுச்சரிப்பையும் திருத்தவே வேண்டாமா? வேண்டும். 'வாழை'யை 'வாளை' என்றால் மரம் மீனாகிவிடும். ஆங்கிலத்திலும் 'ஷிப்' என்பதை 'ஷீப்' என நீட்டினால் கப்பல் ஆடாகிவிடும். குறில் நெடில் அறிந்த தமிழ் மாணவனுக்கு இவ்வேறுபாட்டை உணர்த்துவது எளிது. பொருள் மாறும் இடத்தில் திருத்துவது ஆசிரியர் கடமை. பொருள் மாறாத இடத்தில் பொறுப்பது பண்பு. எவ்விடத்திலும் சிரித்துத் திருத்துவது தவறு. ஏனெனில், திருத்தப்பட்டவர் கற்றுக்கொள்வார், நகைக்கப்பட்டவர் வாய்மூடிக்கொள்வார். ஒரு சொல் பிழைபடுவதைக் காட்டிலும் ஒரு மனிதர் பேசாமலிருப்பது பெரிய இழப்பு.

ஜெலுத்தோங் வீட்டில் மீண்டும் தொலைபேசி ஒலிக்கும். பேத்தி அதனை எடுத்துப் பாட்டியின் கையில் கொடுக்க வேண்டும். "இஸ்கூலில் இருந்தா?" என்று அவர் கேட்கட்டும். மறுமுனையில் இருப்பவருக்கு அது நன்றாகவே விளங்கும்.