வர்ணம் கடைசியில்தான்



தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்து மகிழப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் குற்றாலத்துக்கு வருகிறார்கள். உடலுக்கு இதமான இந்த ஈரக்காற்று இரும்புக்கு இதமானதல்ல என்பதை நம் ஊர்க்காரர்கள் அறிவார்கள். கதவுத் தாழ்ப்பாள் இறுகிப்போகும். சைக்கிள் சங்கிலி சிவந்துவிடும். எங்கள் பழைய வீட்டுக் கொட்டகையில் நிற்கும் அப்பாவின் அம்பாசடர் காரையும் இந்த ஈரம் நான்கு ஆண்டுகளாகச் சத்தமின்றித் தின்றுகொண்டிருந்தது. அதைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அது 1972-ஆம் ஆண்டு வண்டி. மார்க் 2 என்னும் வகை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, வங்காளத்தின் உத்தர்பாராவிலுள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014 வரை உருவாகிவந்த அம்பாசடரை உங்களில் பலர் ஓட்டியும் இருப்பீர்கள். தலைமையாசிரியராயிருந்த அப்பா அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். சீசன் நாட்களில் எங்களை ஐந்தருவிக்கு அழைத்துச் செல்வார். ஈரத் துணியோடு பின் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு திரும்புவோம். தெருவில் யாருக்காவது பிரசவ வலி கண்டால், நள்ளிரவிலும் பாளையங்கோட்டைக்குப் புறப்படுகிற வண்டியும் அதுதான்.

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் கார் என் பொறுப்பில் வந்தது. இந்த ஆண்டு அதைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வெள்ளை வர்ணம் பூசி, கிறிஸ்மஸ் ஆராதனைக்கு அதில் வந்து இறங்குவதாகவே மனத்தில் ஒரு படம் இருந்தது. வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் முதலில் வர்ணத்தைப் பற்றித்தான் கேட்டேன்.

“பெயின்ட் கடைசிலதான் ஐயா. மொதல்ல தரையப் பாப்போம்” என்றார்.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அதன் அடியில் ஒரு பழைய சாக்கு மடித்துப் போடப்பட்டிருந்தது, தொட்டால் ஈரம். சாக்கை விலக்கி, ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தகட்டை மெல்ல அழுத்தினார். அது மறுபுறம் போய்விட்டது. லாரிக்கு சேஸிஸ் தனி, உடல் தனி. அம்பாசடருக்கு அப்படியல்ல. தரைத் தகடும் கதவின் கீழ்ப்பட்டையும் கூரையும் சேர்ந்து ஒரே கூடாய் நின்றே பாரத்தைச் சுமக்கின்றன. ஆகவே தரையில் விழுந்த துரு முதுகெலும்பில் விழுந்த துரு. அதன்மேல் பட்டி பூசி வர்ணம் அடித்தால் வண்டி அழகாயிருக்கும். ஒருநாள் நடுவழியில் மடங்கும்.

இயந்திரத்திலும் அவர் அவசரப்படவில்லை. நெடுநாள் நின்ற என்ஜினைச் சாவி போட்டு உடனே சுழற்றக் கூடாதாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, பிறகு கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். டாங்கில் பிசினாகிப்போன பழைய பெட்ரோலை வடிக்க வேண்டும். பிரேக் இறுகியிருக்கும், அதைப் பிரித்துப் பார்க்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது. கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுத்து, சீட்டு எழுதிக் கட்ட வேண்டும்.

எனக்கு நெகேமியாவின் நினைவு வந்தது. எருசலேமுக்கு வந்து சேர்ந்த அவர் உடனே கல் எடுத்து வைக்கவில்லை. மூன்று நாள் கழித்து, இரவில், சிலரை மாத்திரம் கூட்டிக்கொண்டு, இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். ஏறியிருந்த மிருகம் நடக்கவும் வழியில்லாத இடிபாடு அது. கண்ணால் முழுவதும் கண்டபின்புதான், கட்டுவோம் என்று ஜனங்களை அழைத்தார்.

மறுநாள் காகிதங்களை எடுத்தேன். ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருந்தது. அதை வாரிசின் பெயருக்கு மாற்றப் படிவம் 31 நிரப்ப வேண்டும்; இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அம்மாவும் இல்லாத நிலையில், மற்ற வாரிசு என் தம்பி ஒருவனே.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அப்பாவின் கடைசி ஆண்டுகளில் அந்தக் காரை ஓட்டியவனும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். கார் தனக்கு வேண்டும் என்று கேட்டான். மூத்தவன் என்ற உரிமையில் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடம் போ என்கிற வசனத்தை இந்த நான்கு ஆண்டுகளில் நான் பிரசங்கித்தும் இருக்கிறேன்.

சுரண்டைக்குப் போனேன். தம்பி உட்காரச் சொன்னான், “மதினி நல்லாருக்காகளா?” என்று கேட்டான். தாளை நீட்டுமுன் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தும், வாய் வரவில்லை. வண்டியின் தரை போய்விட்டது என்றுதான் சொல்ல முடிந்தது.

“டிரைவர் சீட்டுக்குக் கீழ ஒரு சாக்கு கெடக்குமே, பாத்தியளா?” என்றான். “முன் கண்ணாடி ரப்பர் வழியாத் தண்ணி எறங்கும். சாரல் நேரத்துல வாரம் ஒருக்கா அத எடுத்து வெயில்ல போட்டு, காஞ்ச சாக்கு மாத்துவேன்.”

நான் சாவியை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அந்தச் சாக்கை மாற்ற ஒருவரும் இருக்கவில்லை. தகட்டைத் தின்றது சாரல்தான். ஆனால் அதற்கு இடங்கொடுத்தவன் நான். அப்போதுதான் என்னால் மன்னிப்புக் கேட்க முடிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாளையும் வாங்கி வைத்துக்கொண்டானே தவிர, கையெழுத்துப் போடவில்லை.

சனிக்கிழமை காலையில் கொட்டகைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கையெழுத்திட்ட தாள் காரின் பானெட்மேல் இருந்தது. தம்பி குனிந்து அந்தச் சாக்கை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான்.

பிரியமானவர்களே, என்ஜின் இன்னும் உறுமவில்லை. கிறிஸ்மஸுக்குள் வர்ணம் பூசுவோமா என்பதும் தெரியாது. ஆனாலும் வேலை தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் மேலே விரிப்பும் கீழே ஈரச் சாக்குமாய் ஏதேனும் கிடக்கிறதா? வர்ணத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இந்த வாரம் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். போக வேண்டிய வீடு ஒன்று இருந்தால் போய்வாருங்கள்.

கர்த்தர் தாமே உங்களோடிருப்பாராக. ஆமென்.