ஆறு முத்துகளும் ஒரு தீவும்

துப்பறியும் கதைகளில் தோய்ந்தவர்கள், அவை திரைக்கு வரும்போது பெரும்பாலும் முகம் சுளிப்பர். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. ஆயினும் நம் சுளிப்புக்கு முத்தும் ஒரு காரணம் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும்.

நம் பாட்டனார் காயல்பட்டினத்து முத்து வணிகர். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதன் பின்னரும் ஒரு பித்தளைச் சல்லடையையும், சிவப்புத் துணியில் முடிந்த சில முத்துகளையும் அவர் பெட்டகத்தில் பேணி வந்தார். உச்சி வெயிலில் முத்தைப் பாரார், விளக்கொளியிலும் பாரார். காலை வெளிச்சத்தில் சாளரத்தருகே அமர்ந்து, விரலிடையே உருட்டி உருட்டிப் பார்ப்பார்.

ஆர்தர் கோனன் டாயில் 1890-இல் வெளியிட்ட 'நால்வர் சின்னம்' புதினத்தில், மேரி மார்ஸ்டன் என்னும் பெண்ணுக்கு ஆண்டுக்கொன்றாக ஆறு முத்துகள் வந்து சேர்கின்றன. அனுப்பியவர் பெயர் இல்லை. புதையல் ஒளித்து வைக்கப்பட்ட இலண்டன் மாளிகைக்குப் பெயரோ 'பாண்டிச்சேரி லாட்ஜ்'! பிரிட்டனின் கிரனடா தொலைக்காட்சி 1987-இல் இதைப் படமாக்கியது. ஹோம்ஸாக வந்த ஜெரிமி பிரெட்டின் கண்ணும் விரலும் பேசுகின்றன. அவருக்கு இணையாக இன்னொருவரை நாம் கண்டதில்லை. எந்தக் கடலின் முத்து அது என்று பாட்டனார் கேட்டிருப்பார். நூலிலேயே விடையில்லாத வினாவுக்குப் படத்தைக் குறை கூறிப் பயனில்லை.

நாம் குறை கூறுவது மூலநூலை. ஆக்ராக் கோட்டையில் அந்தப் புதையலுக்காகக் கொலை செய்வோரில் இருவர் முகம்மது சிங், அப்துல்லா கான். இருவரும் சீக்கியராம்! கொலையுண்ட வணிகர் பெயர் அஹ்மது. கொன்றவனுக்கும் மாண்டவனுக்கும் நம் பெயர்களை வாரி வழங்கிய ஆசிரியர் அப்போது இந்திய மண்ணை மிதித்திராதவர். காலத்தையும் களத்தையும் தாராளமாக மாற்றும் திரைக்கலைஞர்கள் முதலில் திருத்த வேண்டியது இத்தகைய அறியாமையையே.

மாற்றுவது தவறன்று. ஒரு தீவில் பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக மடியும் அகதா கிறிஸ்டியின் 1939-ஆம் ஆண்டுக் கதையைத் தழுவி, வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் 'நடு இரவில்' படத்தை எடுத்தார். 1970-இல் அது வெளிவந்தபோது, வீட்டில் சொல்லாமல் தூத்துக்குடிக்குச் சென்று பார்த்தோம். கிறிஸ்டியின் தீவில் கூடுவோர் முன்பின் அறியாதவர்கள். பாலசந்தரின் தீவில் கூடுவோரோ சொத்துடைய ஒருவரின் உறவினர்கள். நம் குடும்பங்களில் ஐயம் எங்கே பிறக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்கு அது வேடிக்கையாக இல்லை. முந்தைய ஆண்டுதான் பாட்டனார் மறைந்திருந்தார். சிவப்புத் துணியை அவிழ்த்தபோது முத்துகள் குறைந்திருந்தன. எவரும் எவரையும் கேட்கவில்லை. படம் பார்த்துத் திரும்பிய இரவில், சோறு உண்டுகொண்டிருந்த சிறிய தந்தையாரின் கைவிரல்களையே நாம் உற்று நோக்கிக்கொண்டிருந்தோம்.

சில மாதங்களுக்குப்பின் பாட்டனாரின் கணக்கேடு ஒன்று அகப்பட்டது. அறபுத்தமிழில் எழுதப்பட்டிருந்ததால் இளையவர்களான எங்களில் எவருக்கும் படிக்கத் தெரியவில்லை. பாட்டியார்தாம் மூக்குக்கண்ணாடியை அணிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். ஆண்டுக்கொரு முத்தாகப் பாட்டனாரே விற்றிருக்கிறார். தொகை இருந்தது, நாள் இருந்தது. யாருக்குக் கொடுத்தார் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. பாட்டியார் ஏட்டை மூடிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

சிறிய தந்தையாரிடம் நாம் இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை.