பாகுபாடு: ஒரு செம்மார்புப் பறவையை முன்வைத்து

மாரிகாலத்துப் பிற்பகலொன்றில், ஒப்படைக்கு வேண்டிய நூலொன்றைத் தேடி நூலகத்துக்குச் சென்றிருந்தேன். மேசைமீது எவரோ விட்டுச்சென்ற அவுஸ்திரேலியப் பறவைகள் பற்றிய நூல் கிடந்தது. கலைப்பீட மாணவனாகிய எனக்கும் பறவையியலுக்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும், விரிந்து கிடந்த பக்கத்துப் படம் என்னைப் பிடித்து நிறுத்தியது. கரிய தலை, நெற்றியில் ஒரு வெண்பொட்டு, தீப்பற்றினாற்போன்ற செம்மார்பு. பதின்மூன்று சென்றிமீற்றர் அளவினதான அச்சிறு பறவை தாழ்ந்த கிளையில் அசையாது காத்திருந்து, நிலத்தில் ஊரும் பூச்சியைப் பாய்ந்து கவ்வுமாம். அதன் பெயர் செந்நிற ரொபின்.

ரொபின் என்பது இங்கிலாந்தின் தோட்டத்துப் பறவையன்றோ? 1788 இல் நியூ சவுத் வேல்சிற் குடியேறத் தொடங்கிய ஆங்கிலேயர், செம்மார்புடைய சிறு பறவைகளை அங்கே கண்டபோது, ஊர் நினைவில் அப்பெயரை இட்டனர். வட அமெரிக்காவிலும் அவர்கள் இதனையே செய்தனர். அங்கு ரொபின் எனப்படுவது பூங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பறவை. வீட்டு நினைவால் வந்த பெயரைப் பழித்தல் தகாது. ஆயின் பெயரோடு உறவும் கற்பிக்கப்பட்டதே இங்கு கருதத்தக்கது. அவுஸ்திரேலிய ரொபின்கள் நெடுங்காலம் பழைய உலகத்து ஈப்பிடிப்பான்களோடு ஒரே குடும்பத்தில் அடக்கப்பட்டிருந்தன. தோற்றமும் உணவும் ஒத்திருந்தமையே அதற்குக் காரணம்.

1980களில் சார்ல்ஸ் சிப்லி, ஜோன் ஆல்குவிஸ்ட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இருவர் வேறொரு வழியை நாடினர். இரு இனங்களின் டி.என்.ஏ. இழைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று பிணைத்து, அப்பிணைப்பு அறுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என அளப்பது அவர்களது முறை. உறவு நெருங்கியதாயின் பிணைப்பும் வலியது. இவ்வளவையில், அவுஸ்திரேலிய ரொபின்களுக்கும் ஐரோப்பிய ரொபினுக்கும் நெருங்கிய உறவில்லை என்பது வெளிப்பட்டது. அவற்றைக் காகத்தின் பெருங்கிளையில் அவ்விருவரும் வைத்தனர். பிற்கால ஆய்வுகள் அந்த இடத்தைத் திருத்தியுள்ளன. எனினும் அவை தனியொரு குடும்பம் என்பது நிலைபெற்றுவிட்டது. அதற்கும் மேலாக, உலகின் பாடும் பறவைகள் யாவற்றினதும் மூதாதையர் தோன்றிய நிலம் அவுஸ்திரேலியப் பகுதியே என இன்று கொள்ளப்படுகின்றது. அந்நிலத்துப் பறவைக்கு இங்கிலாந்துப் பறவையின் பெயரைக் கடனாகக் கொடுத்தோர் இதனை எங்ஙனம் அறிந்திருப்பர்!

மெய்யான ஐரோப்பிய ரொபினுக்கு உறவு யார் எனத் தேடின், பதில் நமது விடுதியின் கூரையிலேயே உள்ளது. விடியலில் நம்மை எழுப்பும் கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சானும் அதுவும் இன்று ஒரே குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. 1758 இல் லின்னேயஸ் குண்டுக்கரிச்சானை மலைநாகணவாய்களோடு சேர்த்திருந்தார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம் பறவையன்று. அதற்கு முன்வாரம் ஓர் அலுவலகத்தில் படிவமொன்றை நிரப்பியபோது, ‘இனம்’ என்ற இடத்தில் ‘மலையகத் தமிழர்’ என எழுதியிருந்தேன். எழுதுவினைஞர் அதனை ஒரு கோட்டால் அடித்து, ‘இந்தியத் தமிழர்’ என மேலே எழுதினார். கோபமாகவன்று, எழுத்துப்பிழையைத் திருத்துபவர் போல.

1911 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிலேதான் அப்பெயர் தனிப்பிரிவாயிற்று. அதுவும் ஆங்கிலேயர் இட்ட பெயரே. என் அப்பாயி தேயிலைத் தோட்டத்து லயமொன்றிற் பிறந்தவர்; இந்தியாவை ஒருநாளும் கண்டதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவரைப் போன்ற இலட்சக்கணக்கானோரை எந்நாட்டவருமல்லர் ஆக்கியது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே அவர் இந்நாட்டுப் பிரசையானார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய அவருடைய தமையனார், தமிழ்நாட்டிற் கடைசிவரை ‘சிலோன்காரர்’ என்றே அழைக்கப்பட்டாராம்.

இவற்றையெல்லாம் விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் பயிலும் நண்பனிடம் உற்சாகமாகக் கூறினேன். அவன் சிரித்துவிட்டுக் கேட்டான்: “அப்படியெண்டால் அவர் எழுதினது சரிதானே? பறவைக்கு வம்சாவளி பார்க்கிறாய். உனக்கு மட்டும் பார்க்கக் கூடாதோ?”

இரண்டு நாட்கள் என்னிடம் விடையிருக்கவில்லை. ரொபினைப் பிழையான பெயரிலிருந்து மீட்டது வம்சாவளியே. என்னை நான் விரும்பாத பெயரில் நிறுத்துவதும் அதுவே. அவனுடைய விலங்கியற் பாடநூலை வாங்கிப் பார்த்தேன். வருணம், குடும்பம், சாதி, இனம் என அடுக்கியிருந்தது. வருணமும் சாதியும் இனமும் மனிதருக்கு என்ன செய்துள்ளன என்பதை நாம் அறிவோம். அப்பாடத்தின் தலைப்பே ‘பாகுபாடு’. வகைப்படுத்தலுக்கும் ஓரவஞ்சனைக்கும் நம் மொழியில் ஒரு சொல்லே வழங்குகின்றது.

சொல் ஒன்றாயினும் வினா இரண்டு எனப் பின்னர் தெளிந்தேன். பறவையியலாளர் வினவுவது, இவ்விரு பறவைகளின் பொது மூதாதை எப்போது வாழ்ந்தது என்பதே. அவர் பிழைவிட்டாலும் ரொபின் தன் கிளையை இழப்பதில்லை. புதிய சான்று கிடைப்பின் பட்டியலைத் திருத்துகிறார். படிவம் வினவுவதோ, நீ எவ்விடத்துக்குரியவன் என்பது. அதற்கு மூதாதையின் கப்பற்பயணம் மட்டும் விடையாகாது. ஒருவர் பிறந்து, உழைத்து, தம்மவரைப் புதைத்த மண்ணும் சான்றே. படிவத்தின் பிழைக்கு என் அப்பாயி தம் வாழ்வின் பெரும்பகுதியை விலையாகக் கொடுத்தார்.

இதனை நண்பனிடம் கூறியபோது, முழுதும் ஒப்புக்கொண்டானல்லன். “உன்ர விடை எனக்கும் பொருந்துமோ எண்டு யோசிக்கிறன்” என்றான். நாங்கள் அவ்வுரையாடலை இன்னும் முடிக்கவில்லை.

சென்ற மாதம் வேறொரு படிவம் வந்தது. அதே இடத்தில் அதே பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுதுவினைஞர் வாசித்தார், பேனாவை எடுத்தார், பின் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.