விற்காத பெட்டைகள்

கார்த்திகை மழை ஓய்ந்து கொரங்காட்டு மேய்ச்சல் நிலம் பச்சை கட்டியிருக்கிறது. காங்கேயம் பக்கம், கிளுவை வேலிக்குள் ஒரு தோட்டத்து வீடு. வாசல் வேம்பின் அடியில் மூங்கில் தப்பையும் கம்பிவலையுமாய்க் கட்டிய அடைப்பு. உள்ளே சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி வகையில் எட்டுப் பெட்டைகள். மூன்று வாரமாக எந்தச் சேவலும் அவற்றை அண்டவில்லை.

அப்பத்தா கக்கத்தில் ஒரு பெருவிடைச் சேவலை இடுக்கிக்கொண்டு வருகிறார். நெடிய கால், இறுகிய உடம்பு, தலையோடு ஒட்டிப் படிந்த மூன்று வரிக் கொண்டை. ஒரு வயதுதான் இருக்கும். கால்முள் இன்னும் முற்றவில்லை. எடை ஏறிய கிழட்டுச் சேவல் மிதித்தால் ஒன்றேகால் கிலோப் பெட்டையின் முதுகு கிழிந்துவிடும். இளஞ்சேவலாகப் பார்த்துப் பக்கத்து ஊரிலிருந்து வாங்கி வந்தது அதற்காகத்தான்.

"இத்தன நாளு எதுக்கப்பத்தா பெட்டைகள மட்டும் தனியா அடச்சு வெச்சிருந்தே?" பேத்தி கேட்கிறாள்.

"பழைய சேவலோட வித்து வயித்துல ரெண்டு மூணு வாரந் தங்கும் கண்ணு. அது கழிஞ்சாத்தான் பொறிக்கறது இவங் குஞ்சுன்னு நம்போணும்."

சேவலை உள்ளே விடுகிறார். அது ஒரு சுற்று நடந்து, மண்ணைக் கிளறி, தான் எடுக்காமல் ஒரு புழுவைக் காட்டிக் கொக்கரிக்கிறது. பெட்டைகள் ஓடி வருகின்றன. அப்பத்தா அதைக் கவனித்துத் தலையாட்டுகிறார். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம்.

கறிக்கு எடை தருவது பெருவிடை. ஆனால் அதன் பெட்டை அடிக்கடி முட்டையிடாது. அடைக்கு உட்கார்ந்தால் கனத்தில் முட்டையை நசுக்கியும் விடும். சிறுவிடை அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு ஏங்கும்; பொறித்த குஞ்சைப் பருந்துக்குக் கொடுக்காது. ஆண்டுக்கு 60, 70 முட்டை கிடைக்கும். எத்தனை முட்டை என்பதும், அதன்மேல் யார் உட்காருவது என்பதும் தாயைப் பொறுத்தவை. ஆகவே சேவல் பெரிது, பெட்டை சிறிது. இந்தத் திசையை அப்பத்தா மாற்றுவதில்லை.

மார்கழியில் முட்டை சேர்கிறது. மணல் பரப்பிய மண்சட்டியில் கூர்முனை கீழாக ஒவ்வொன்றாய் நிறுத்துகிறார். மிகப் பெரிதானதும், உருண்டையானதும், ஓட்டில் கீறல் விழுந்ததும் அடுப்படிக்குப் போகின்றன. ஒரு வாரத்துக்கு மேல் பழசானதும் அடைக்கு ஆகாது. பொழுது சாய்ந்ததும் கூடையில் மணலும் வைக்கோலும் இட்டு, பதினொரு முட்டையை அடுக்கி, ஒரு கரித்துண்டையும் இரண்டு காய்ந்த மிளகாயையும் ஓரத்தில் செருகுகிறார். அடைப்பெட்டையை இரண்டு கையாலும் தூக்கி வைக்கிறார். அது இறகை விரித்து, மூக்காலேயே முட்டைகளை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொள்கிறது.

ஏழாம் நாள் இரவு. பேத்தி கைப்பேசி விளக்கைப் பிடிக்க, அப்பத்தா முட்டையை அதன்மேல் வைத்து விரலால் மறைத்துப் பார்க்கிறார். சிவந்த நரம்பு படர்ந்திருந்தால் கரு பிடித்திருக்கிறது. தெளிவாய் ஒளி ஊடுருவினால் எடுத்துவிட வேண்டியதுதான். இரண்டு முட்டை வெளியே வருகின்றன.

21-ஆம் நாள் கூடைக்குள் கீச்சொலி. ஒன்பதில் எட்டுப் பொறித்திருக்கின்றன. அப்பத்தா குஞ்சுகளை ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் ஏந்தி மூக்குக்கு மேலே விரலால் தடவுகிறார். ஏழு குஞ்சின் கொண்டை தட்டையாகப் படிந்திருக்கிறது. எட்டாவதற்கு ஒற்றை மடலாய் எழும்பியிருக்கிறது.

"இது நம்ம சேவலுக்குப் பொறந்ததில்ல. எப்பவோ தொறந்து உட்டப்ப வேலி தாண்டுனவங் குஞ்சு."

அவர் சொல்வது அறிவியலுக்கு ஒத்தது. வழிவழியாய் மூன்று வரிக் கொண்டை மாறாத சேவலுக்கு ஒற்றை மடல் கொண்டையுள்ள குஞ்சு பிறக்காது. 1902-இல் இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன், மெண்டலின் பாரம்பரிய விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டியது கோழிக் கொண்டைகளைக் கொண்டுதான். அப்பத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. எட்டாவது குஞ்சின் காலில் சிவப்பு நூல் கட்டி, தாயோடு விடுகிறார். அது வளரும், கறிக்குப் போகும், வித்துக்கு நிற்காது.

முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து. சாயங்காலம் பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றோரம் கவிழ்க்கிறார். விடியலில் அதைத் தட்டினால் கரையான் கொட்டுகிறது. தாய்க்கோழி கூப்பிட, குஞ்சுகள் மொய்க்கின்றன. தீவனச் செலவு பெரும்பாலும் குருணையோடும் கம்போடும் முடிந்துபோகிறது.

ஆனி மாதம். மொபெட்டில் இரண்டு கூடை கட்டிக்கொண்டு வியாபாரி வருகிறார். கலப்புச் சேவல்கள் தாயை உயரத்தில் தாண்டிவிட்டன. தூக்கிப் பார்த்தாலே கனம் தெரிகிறது. எடை போட்டுக் கூடையில் ஏற்றுகிறார். பணத்தைக் கொடுத்துவிட்டு, வேம்படியில் மண் குளிக்கும் மூன்று கிழச் சிறுவிடைகளைப் பார்க்கிறார்.

"ஏனுங்க ஆத்தா, அந்த மூணையும் குடுத்துருங்க. சாறு வெக்கக் கேக்கறாங்க, நல்ல வெல போகுமுங்க."

"அதுக வெலைக்கில்ல தம்பி."

"அதான் கலப்புப் பெட்டைக நாலு நிக்குதுங்களே. அதுக முட்டையும் இடும், ஒடம்பும் பெருசு. சின்னது எதுக்குங்க?"

அப்பத்தா பணத்தைச் சுருக்குப்பையில் முடிகிறார். அவசரமில்லாமல் பதில் சொல்கிறார்.

"அந்தப் பெட்டைகள அதுக கூடப் பொறந்த சேவலோட உட்டுப்பாரு. ஒண்ணு யான மாதிரி வரும், ஒண்ணு குருவி மாதிரி வரும். ஒண்ணு அடைக்கு உக்காரும், ஒண்ணு பாதியில எந்திரிச்சுப் போயிரும். மொதக் கலப்புல வர்ற ஒழுங்கு ரெண்டாவதுல வராது. வருசா வருசம் இந்தக் குஞ்சு வேணும்னா வருசா வருசம் இந்தச் சின்னது வேணும்."

வியாபாரி மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்புகிறார்.

வீட்டு முற்றத்துக்கென்று ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய கோழிகள் இருக்கின்றன. ஹைதராபாத்திலிருந்து முட்டைக்குக் கிராமப்பிரியா, கறிக்கும் முட்டைக்கும் வனராஜா. நம் பக்கத்தில் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி. அவை நிறைய முட்டையிடுகின்றன, விரைவாக எடை ஏறுகின்றன. எத்தனையோ வீடுகளுக்கு வருமானம் தந்திருக்கின்றன. ஆனால் கிராமப்பிரியாவும் வனராஜாவும் அடைக்கு உட்காருவதை நம்ப முடியாது. அடுத்த தலைமுறைக்குப் பொறிப்பகத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். அப்பத்தாவின் கலப்பு அவ்வளவு முட்டை தராது. ஆனால் பொறிப்பகம் அவர் வாசலிலேயே இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம்.

மாலையில் அவர் பேத்தியிடம் அடுத்த வேலையைச் சொல்கிறார். மூன்று கிழப் பெட்டைகளையும் இந்தப் பெருவிடையிடமிருந்து பிரித்து மறுபடி மூன்று வாரம் தனியே அடைக்க வேண்டும். தம்பி வீட்டுச் சிறுவிடைச் சேவலை ஒரு மாதத்துக்கு இரவல் வாங்க வேண்டும். அந்த ஈட்டில் பிறக்கும் பெட்டைகளில் ஒன்றையும் விற்கக்கூடாது. அவைதான் அடுத்த ஆண்டுக் கார்த்திகைக்குத் தாய்.

வீட்டுத் தேவைக்குக் கோழியைக் கலக்க நினைப்பவர்கள் பலரும் முதலில் விசாரிப்பது சேவலைத்தான். எந்த இனம், எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள். கலப்பு நிலைப்பதோ கலக்காமல் காப்பாற்றி வைத்த தாய்வழியால். இரண்டு இனமும் தனித்தனியே வாழும் வரைதான் அவற்றின் கூட்டுக்கு வலு உண்டு. மூன்று பெட்டைகளை நல்ல விலைக்கும் கொடுக்காத ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தால், நம் புறக்கடைகளில் சிறுவிடையும் இருக்கும், பெருவிடையும் இருக்கும், வேண்டும்போது இரண்டும் கலந்த குஞ்சும் இருக்கும்.