இடறிய மின்பொறி

இங்கிலாந்தில் யாம் தங்கியிருந்தகாலை, நண்பரொருவர்க்குக் காலஞ்சென்ற தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி.பி. என்னும் விரைவு மோட்டார் வண்டி, மேடேறுங்கால் இடறலாயிற்று. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் செய்யப்பெற்ற வகை அது. விற்றுவிடுவதென நண்பர் துணிந்தார். யாமோ தடுத்து, கார்புரேட்டர்கள் இரண்டையும் குற்றஞ்சாட்டி, இரண்டு சனிக்கிழமைகளை வீணாக்கினோம்.

பின்னரே டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி நடுத்தண்டை விரலால் அசைத்தோம். விழவிருக்கும் பல்லைப்போல் ஆடிற்று. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழல்கையில், நான்கு சிலிண்டர்களுக்குமாக விநாடிக்கு 100 மின்பொறிகளைப் பகிர்ந்தளிக்கும் கருவி அது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தபின் பாயிண்டுகளின் 0.015 அங்குல இடைவெளி நிலைக்குமோ? பொறி எழும் வேளையும் பிறழ்ந்துவிடுகின்றது.

புதியதைப் பொருத்துதல் எளிது. அதன் அடித்துண்டு நடுவினின்று சற்றே விலகியிருத்தலால் ஒரே வகையில்தான் அமரும். கம்பிகளிலேதான் ஏமாந்தோம். எரியும் வரிசை 1, 3, 4, 2 என்பதை அறிந்திருந்தும், ரோட்டர் இடஞ்சுழியாய்ச் சுற்றுவதை மறந்து, வலஞ்சுழியாய்ச் செருகினோம். 2-ம் 3-ம் இடம் மாறின. கார்புரேட்டர் வழியே வேட்டுக் கிளம்பிற்று. அடுத்த வீட்டு நாய் அதன்பின் எம்மைக் கண்டாலே குரைக்கும்!

மாற்றிச் செருகி, டைமிங் விளக்கின் ஒளியிற் குறியைச் சரிசெய்து, அதே மேட்டிலேறினோம். உச்சியில் வண்டியை நிறுத்திய நண்பர், விற்பனை விளம்பரத்திற்கென எழுதிவைத்திருந்த தாளை நான்காய்க் கிழித்துச் சட்டைப்பையிலிட்டார்.